மறைத்து வைத்த காகிதங்கள்

புணே நகரத்தில் இப்போது புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அடுத்தபடியாக எரிவாயுவும் குழாய் வழியாகவே சமையலறைக்குள் வந்துவிடுகிறது. சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் கவலையும், அதை மாடிக்குச் சுமந்து வருகிறவருடைய சிரமமும் நீங்கிய இந்தச் சௌகரியத்தை அனுபவிக்கிற குடும்பங்களில், பல தலைமுறைகளாக இங்கே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இந்த வாயுவை விநியோகிக்கும் மஹாராஷ்டிரா நேச்சுரல் காஸ் லிமிடெட் என்ற ஸ்தாபனத்தை 2006ஆம் ஆண்டில் தோற்றுவித்தவை, பொதுத்துறையைச் சேர்ந்த கெயிலும் பாரத் பெட்ரோலியமும் ஆகும். நிலக்கரிப் புகையையும் டீசல் புகையையும் விட இந்த வாயு நகரத்தின் காற்றுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஒரு கம்பெனியின் குழாயை நம் வீட்டுச் சுவருக்குள் அனுமதிக்கும்போது, அந்தக் கம்பெனி மற்ற ஊர்களிலும் மற்ற தேசங்களிலும் எவ்விதம் நடந்துகொண்டிருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு என்பதையும், அந்த உரிமையை நாம் பெரும்பாலும் உபயோகிப்பதே இல்லை என்பதையும் எண்ணும்போது, இதே மஹாராஷ்டிரத்தில் 1990களில் நேர்ந்த ஒரு பெரும் விபரீதம் நினைவுக்கு வருகிறது.

அந்த விபரீதத்துக்குக் காரணமான என்ரான் என்ற பெயரை இன்றைய இளைஞர்கள், கணக்குகளைப் புரட்டி 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திவாலாகிப்போன ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயராக மட்டுமே அறிவார்கள். அதன் கணக்கு மோசடியைப் பற்றி ஏராளமான புத்தகங்கள் வந்துவிட்டன. அந்த மோசடியால் அமெரிக்க முதலீட்டாளர்களும் ஊழியர்களும் அடைந்த நஷ்டத்தை உலகம் நன்கு அறியும். ஆயினும், அந்தக் கம்பெனி தன் தாய்நிலத்துக்கு வெளியே, வாயுவையும் மின்சாரத்தையும் விற்கப் புகுந்த பிரதேசங்களில், அங்கே வாழ்ந்த ஜனங்களின் உயிருக்கும் மானத்துக்கும் என்ன மதிப்பு வைத்திருந்தது என்ற கேள்வி, அந்தப் பெரிய திவாலின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று.

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகரமான சான் ஹுவானில் ரியோ பியெத்ராஸ் என்ற நெருக்கமான கடைவீதிப் பகுதி இருக்கிறது. அங்கே ஹும்பெர்த்தோ விதால் என்ற காலணிக் கடை இருந்த ஆறுமாடிக் கட்டடம், 1996ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி காலையில் வெடித்துச் சிதறி, 33 பேர் மாண்டனர். அந்தப் பகுதிக்குப் புரொப்பேன் வாயுவைக் குழாய் வழியாக விநியோகித்து வந்த சான் ஹுவான் காஸ் கம்பெனி, என்ரானுக்குச் சொந்தமான துணைக் கம்பெனி. விபத்துக்கு முந்தைய நாட்களில் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் வாயு வாடையை உணர்ந்து முறையிட்டிருக்கிறார்கள். கம்பெனியின் ஊழியர்களும் வந்து பார்த்திருக்கிறார்கள். கசிவு ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. ஆகையால் அது மேலே எழுந்து கலைந்து போகாமல், மண்ணுக்கு அடியிலும் நிலவறைகளிலும் போய்த் தேங்கிக் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தரையில் ஆழமாகத் துளையிட்டு, கருவியை முறைப்படி இறக்கிச் சோதிக்க வேண்டும். அந்தக் கிரமத்தை அறிந்து செய்வதற்குரிய பயிற்சி அந்த ஊழியர்களுக்குப் போதிய அளவில் தரப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து, 1997ஆம் ஆண்டின் இறுதியில் தன் அறிக்கையை வெளியிட்டது. முன்னொரு சமயம் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக மண்ணைத் தோண்டியபோது வாயுக் குழாய்க்கு ஏற்பட்ட அழுத்தத்தால் அது வளைந்து, நாளடைவில் விரிசல் கண்டது என்பது பௌதிகக் காரணம். ஆனால் வாரியம் அந்த விரிசலோடு நின்றுவிடவில்லை: அபாயமான நிலைமைகளைக் காலத்தில் கண்டு திருத்துவதற்கு ஊழியர்களை மேற்பார்வையிடத் தவறியது சான் ஹுவான் காஸ் கம்பெனி என்றும், அந்தக் கம்பெனியின் நடவடிக்கைகளைத் தக்கபடி கண்காணிக்கத் தவறியது என்ரான் என்றும், தெரிந்த குறைகளைத் திருத்தும்படி கட்டாயப்படுத்தத் தவறியது உள்ளூர் ஒழுங்குமுறை ஆணையம் என்றும், அந்த ஆணையத்தை மேற்பார்க்கத் தவறியது வாஷிங்டனில் இருந்த மத்திய அலுவலகம் என்றும், படிப்படியாகப் பொறுப்பை ஏற்றிக்கொண்டே போயிற்று. இத்தனைக்கும் பிறகு இன்னொரு காரணத்தையும் அது சேர்த்தது. புரொப்பேன் வாயுவின் அபாயத்தைப் பற்றியும், வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும், அந்த வீதியின் குடிமக்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கம்பெனி சொல்லாமல் இருந்ததே உயிர்ச்சேதத்தை அதிகமாக்கியது என்பது அந்தக் காரணம்.

இந்தக் கடைசி வாசகம்தான் என்னை நிறுத்தி வைக்கிறது. கசிந்த வாயுவும் பழுதான குழாயும் எந்தக் கம்பெனிக்கும் நேரக்கூடியவை. ஆனால் வெடிக்கக்கூடிய பொருளின் அருகில் வாழ்கிறவனுக்கு அதைப் பற்றிய ஞானத்தைக் கொடாமல் இருப்பது, இயந்திரத்தின் பிழையாகாது, மனிதர்கள் தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்கிற காரியம். சான் ஹுவானில் வாயுவின் சுபாவம் ஜனங்களுக்குச் சொல்லப்படவில்லை. அதே ஆண்டுகளில் கொங்கணக் கரையில், அதே கம்பெனி விற்க வந்த மின்சாரத்தின் விலை ஜனங்களுக்குச் சொல்லப்படவில்லை. இரண்டையும் நான் ஒரே குற்றத்தின் இரு முகங்களாகவே பார்க்கிறேன்.

ரத்னகிரி ஜில்லாவின் குஹாகர் தாலுகாவில், வசிஷ்டி நதி அரபிக் கடலில் கலக்கும் இடத்தின் தென்கரையில், அஞ்சன்வேல், வேல்தூர், ராணவி முதலான கிராமங்கள் இருக்கின்றன. மாமரங்களும் முந்திரித் தோப்புகளும் மீன்பிடிப் படகுகளும் உள்ள அந்தக் கரையில்தான் என்ரானின் தாபோல் மின் திட்டம் எழுந்தது. பொருளாதாரக் கதவுகள் திறந்துவிடப்பட்ட மறு ஆண்டான 1992இல், ஜூன் மாத மத்தியில் இந்தியாவுக்கு வந்த என்ரான் பிரதிநிதிகள், அதே மாதம் 20ஆம் தேதி மஹாராஷ்டிர மாநில மின்சார வாரியத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஒரு மின் நிலையத்தை, அதற்கு வேண்டிய வாயுவை அரபு தேசங்களிலிருந்து திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கும் துறைமுகத்தோடு சேர்த்து அமைப்பது என்ற, அதுவரை இந்தியா கண்டிராத பிரம்மாண்டமான காரியத்துக்கு, போட்டி ஏலம் எதுவும் இல்லாமல், சில தினங்களுக்குள் சம்மதம் தரப்பட்டது.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலக வங்கி, இந்தத் திட்டம் பொருளாதார ரீதியில் தகாது என்றும், இறக்குமதி செய்த திரவ வாயுவில் ஓடும் மின்சாரம் உள்நாட்டு நிலக்கரி மின்சாரத்தைவிட விலை மிகும் என்றும் தெரிவித்து, கடன் கொடுக்க மறுத்தது. அந்நிய மூலதனத்தை எப்போதும் ஆதரிக்கும் உலக வங்கியே இப்படிச் சொன்ன பிறகும், அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி 20 ஆண்டுகளுக்கான மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வாரியம் மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்தே தீர வேண்டும். விலை டாலரோடு பிணைக்கப்பட்டிருக்கும். எரிபொருளின் விலை ஏறினால் அந்தப் பாரம் முழுவதும் வாங்குகிறவர் தலையிலேயே விழும். இவற்றுக்கெல்லாம் மாநில சர்க்காரின் உத்தரவாதமும் அதற்கு மேல் மத்திய சர்க்காரின் எதிர் உத்தரவாதமும் உண்டு. மின்கட்டணம் செலுத்தப்போகிற ஜனங்கள் பார்வைக்கு இந்த ஒப்பந்தம் வைக்கப்படவில்லை. இந்தத் திட்டத்தின் ஆரம்ப வேலைகளுக்கும், இந்திய அதிகாரிகளுக்குக் 'கற்பிப்பதற்கும்' சுமார் 2 கோடி டாலர் செலவிட்டதாக அந்தக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் 1995இல் அமெரிக்க மக்கள் சபையின் குழு ஒன்றின் முன் சொன்னார்; அதிகாரிகளுக்குக் கற்பிக்க அவ்வளவு பணம் இருந்தது, ஜனங்களுக்கு ஒப்பந்தத்தின் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

அதற்குப் பின் நடந்த அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்து 1995இல் ஆட்சிக்கு வந்த சிவசேனை - பாரதிய ஜனதா கூட்டணி, அந்த ஆகஸ்டு மாதம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சில மாதங்களுக்குள் அதே கூட்டணி அதே கம்பெனியோடு மறுபேச்சு நடத்தி, 1996ஆம் ஆண்டு ஜனவரியில், முன்னதைவிடப் பெரிய திட்டத்துக்கு இசைந்தது. 13 நாள் மட்டுமே நீடித்த வாஜ்பாய் மந்திரிசபை, அந்த மே மாதம் தன் கடைசி நாட்களில் எதிர் உத்தரவாதத்தை உறுதி செய்தது. திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் மனுவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் தள்ளுபடி செய்தது. ரியோ பியெத்ராஸ் வெடித்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வேல்தூர் மீனவர்களின் அச்சம் எளிமையானது: நிலையம் வெளியேற்றும் வெந்நீர் கழிமுகத்தில் கலந்தால் மீன் என்ன ஆகும் என்பதும், தண்ணீருக்கும் நிலத்துக்கும் என்ன கதி என்பதும் அவர்கள் கேட்ட கேள்விகள். கேள்விக்கு விடையாகக் கிடைத்தது போலீஸ் நடவடிக்கை. 1997ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி விடியுமுன், ஆண்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போயிருந்த வேளையில், போலீசார் வேல்தூருக்குள் புகுந்து, வீட்டுக் கதவுகளை உடைத்து, உறங்கிக்கொண்டிருந்த பெண்களை இழுத்துப் போட்டு அடித்துக் கைது செய்ததை, அந்த ஜூலையில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. 1999 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட நீண்ட அறிக்கையோ, திட்டத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த போலீஸ் படைக்குக் கம்பெனியே பணம் கொடுத்து வந்தது என்பதைக் காட்டி, அந்தப் படை செய்த கொடுமைகளில் கம்பெனிக்கும் உடந்தைப் பொறுப்பு உண்டு என்று வாதிட்டது. கம்பெனி இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. ஜனங்களிடம் காகிதத்தைக் காட்ட மறுக்கிற ஸ்தாபனத்துக்குக் கடைசியில் லத்தி தேவைப்படுகிறது. வேல்தூரில் அதுதான் நிகழ்ந்தது.

புணேயின் பங்கு இங்கேதான் வருகிறது. இந்த நகரத்தில் வசிக்கிற எனக்கு அதைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை. கிரீஷ் சந்த், சந்தனு தீட்சித், சுபோத் வாக்ளே ஆகியோர், 1994இல் பதிவு பெற்ற 'பிரயாஸ்' என்ற சிறிய அமைப்பின் சார்பில், எப்படியோ வெளியே வந்துவிட்ட அந்த மின் கொள்முதல் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து, ஷரத்து ஷரத்தாகப் படித்தார்கள். சட்ட பாஷையிலும் கணக்குச் சூத்திரங்களிலும் புதைந்து கிடந்த விலையை, கணிப்பொறியில் மீண்டும் கட்டி எழுப்பி, டாலர் ஏறினால் என்ன ஆகும், எண்ணெய் விலை ஏறினால் என்ன ஆகும், வாரியத்துக்கு அவ்வளவு மின்சாரம் தேவைப்படாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1995 ஜூனில் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி பத்திரிகையில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, தெருவில் எழுந்த கோஷங்களுக்கு இல்லாத ஒரு பலத்தை எதிர்ப்புக்குக் கொடுத்தது. ஏனெனில், அதில் இருந்தவை எவரும் சரிபார்க்கக்கூடிய எண்கள். இதே நகரத்தின் பொருளாதார அறிஞர் சுலபா பிரம்மே, மராத்தியில் எழுதியும் கொங்கணத்துக் கிராமங்களுக்குச் சென்று பேசியும் அந்த எதிர்ப்பில் பங்கு கொண்டார். சந்த் 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில், இன்னும் பல காலம் உழைத்திருக்க வேண்டிய வயதில் மறைந்தார். மின்வாரிய அலுவலகங்களும் தலைமைச் செயலகமும் செய்திருக்க வேண்டிய கணக்கை, சொற்பமான வருவாயில் வாழ்ந்த சில இளைஞர்கள் செய்தார்கள் என்பதை இந்த நகரம் தன் பெருமைகளில் ஒன்றாகப் போற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சனிவார் வாடா கோட்டையைக் காட்டுகிற நாம், குழந்தைகளுக்கு இதையும் சொல்லலாம்.

அவர்கள் கணக்கிட்டுச் சொன்னதே நடந்தது. 1999 மே மாதத்தில் முதல் கட்டம், திரவ வாயு வருமுன் நாப்தாவை எரித்து ஓடத் தொடங்கியது. ஒரு யூனிட் இரண்டு ரூபாய் நாற்பது காசு என்று ஆரம்பத்தில் ஆசை காட்டிய மின்சாரம், எண்ணெய் விலை ஏறி ரூபாய் இறங்கிய 2000ஆம் ஆண்டில் சில மாதங்களில் ஏழு ரூபாயையும் தாண்டிவிட்டது. தன் சொந்த நிலையங்களில் மலிவாகக் கிடைத்த மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு இதை வாங்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் வாரியம் தத்தளித்துப் பாக்கி வைத்தது. 2001 மே மாதத்தில் நிலையம் நின்றது. இந்தத் திட்டத்தை ஆராய மாநில சர்க்கார் நியமித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், உள்துறைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்று, பின்னாளில் புணேயிலேயே வாழ்ந்து மறைந்த மாதவ் கோட்போலே. அந்த ஏப்ரலில் அவருடைய குழு தந்த அறிக்கை, இதை நிர்வாகத்தின் தோல்வி என்றே குறிப்பிட்டு, நீதி விசாரணை வேண்டுமென்றது. அந்த டிசம்பரில், தன் தலைமையிடமான ஹூஸ்டனில் என்ரானே இல்லாமல் போயிற்று.

நிலையம் 2005இல் ரத்னகிரி காஸ் அண்ட் பவர் என்ற புதிய பெயரோடு தேசிய அனல் மின் கழகத்திடமும் கெயிலிடமும் வந்து சேர்ந்தது. துறைமுகத்துக்கு வேண்டிய அலைத்தடுப்புச் சுவர் முடிக்கப்படாமலே கிடந்ததால், 2013இல் திரவ வாயுக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகும், மழைக்காலத்தில் அவை கரையை அணுக முடியாத நிலைமை நெடுநாள் நீடித்தது. அந்நியக் கம்பெனி போய் நம்முடைய கம்பெனி வந்துவிட்டது. இனிமேல் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி அதிகாலையில், ஆந்திரத்தின் அப்போதைய கிழக்கு கோதாவரி ஜில்லாவில் இருந்த நகரம் என்ற கிராமத்தில், கெயிலின் 18 அங்குலக் குழாய் வெடித்து, 20க்கு மேற்பட்டவர்கள் வெந்து மடிந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று அமைக்கப்பட்ட அந்தக் குழாயில், நீரும் கலந்த ஈரவாயுவைச் செலுத்தியதால் உட்புறம் அரித்துப்போனதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. வாயுவை உலர்த்தும் சாதனம் அங்கே அமைக்கப்பட்டிருக்கவில்லை. வாடை வருகிறது என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் ஊரார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் மறுகோடியில், ரியோ பியெத்ராஸ் கடைக்காரர்கள் சொன்ன அதே வார்த்தைகள் இவை. தஞ்சை ஜில்லாவின் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ஆம் தேதி எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோதும், ஊராரின் முதல் கேள்வி, இந்தக் குழாய் எப்போது சோதிக்கப்பட்டது, சோதனையின் முடிவு எங்கே என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாளில் அவர்கள் சந்தித்தது போலீஸ் தடியடியை.

ஆகவே புணேயின் குழாய்களைப் பற்றி நான் வேண்டுவது கொஞ்சம்தான். பெட்ரோலிய இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள பாதுகாப்பு நெறிகளும், குழாய்களின் உறுதியைக் காலமுறைப்படி சோதிக்கும் விதிகளும் இருக்கின்றன. அந்தச் சோதனைகளின் முடிவுகள், பேட்டை பேட்டையாக, மராத்தியில், யாரும் படிக்கும்படி வெளியிடப்படட்டும். தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் வருஷம் முழுவதும் வீதியைத் தோண்டிக்கொண்டிருக்கிற இந்த ஊரில், தோண்டுகிறவர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக மத்திய சர்க்கார் 2023 மார்ச்சில் ஏற்படுத்திய கைப்பேசிச் செயலியை, மாநகராட்சியின் ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் கட்டாயம் உபயோகிக்கும்படி செய்யட்டும். எத்தனை முறை வாயுக் குழாய் அடிபட்டது, வாடை வருகிறது என்ற முறையீட்டுக்கு எத்தனை நிமிஷத்தில் ஆள் வந்தார் என்பதை மாதந்தோறும் அறிவிக்கட்டும். சான் ஹுவான் அறிக்கையைப் படித்த எவருக்கும் இவை மிகையான கோரிக்கைகளாகத் தோன்றா.

இதைவிடக் கடினமான ஒரு விஷயமும் இருக்கிறது. புணேக்கு வாயு தரும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவற்றுள் ஒன்றான பாரத் பெட்ரோலியத்தின் துணைக் கம்பெனி, ஓ.என்.ஜி.சி. விதேஷ், ஆயில் இந்தியா ஆகியவற்றோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் தேசத்தில், காபோ தெல்காதோ மாகாணத்துக் கடலில் உள்ள வாயு வயலில் 30 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. திட்டத்தை நடத்துவது பிரான்சின் டோட்டல் எனர்ஜீஸ் கம்பெனி. அங்கே அஃபுஞ்சி முனையில் இருந்த குடும்பங்கள் கிதுண்டா என்ற புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. 2021 மார்ச் 24ஆம் தேதி பக்கத்து நகரமான பால்மாவைத் தீவிரவாதிகள் தாக்கி ஏராளமானோரைக் கொன்றார்கள். அடுத்த மாதம் வேலை நிறுத்தப்பட்டது. ஒப்பந்த ஊழியர்களைக் காப்பாற்றக் கம்பெனி தவறிவிட்டது என்று, உயிர் தப்பியவர்களும் மாண்டவர்களின் உறவினர்களும் 2023இல் பிரான்சில் புகார் கொடுத்தார்கள். திட்டத்தின் வாயிலைக் காத்து நின்ற மொசாம்பிக் படையினர், 2021இல் கிராமத்தாரைச் சிறைப்பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றதாக 2024இல் ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. அத்தகைய நிகழ்ச்சிகள் பற்றித் தனக்குத் தெரியாது என்று கம்பெனி கூறியது. எது உண்மை என்பதை விசாரணைகள் நிச்சயிக்க வேண்டும்.

ஆனால், கம்பெனியின் வாயிலில் நிற்கும் காவல் படை, ஊரை விட்டு நகர்த்தப்பட்ட மீனவர்கள், தூரத்து நகரத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் ஆகிய இந்த வரிசையை வேல்தூர் ஜனங்கள் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அன்று ஹூஸ்டன்காரர்களைப் பார்த்து நாம் கேட்ட கேள்விகளை, இன்று நம்முடைய பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிற கம்பெனிகளைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்படுவோமானால், அன்றைய நம் கோபத்தில் நியாயத்தைவிடச் சுயநலமே அதிகம் இருந்தது என்று ஆகிவிடும். அந்த 30 சதவீதத்தின் சொந்தக்காரர்கள் என்ற முறையில், காவல் ஏற்பாட்டுக்கு யாருக்கு எவ்வளவு பணம் போகிறது, கிதுண்டாவுக்குப் பெயர்ந்தவர்களுக்கு வாக்களித்த நிலமும் மீன்பிடி உரிமையும் முழுமையாகக் கிடைத்தனவா என்பதை நமது பொதுத்துறைக் கம்பெனிகள் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்; அந்த அறிக்கையின் பிரதி, பால்மாவில் பேசப்படும் ம்வானியிலும் மக்கோண்டேயிலும் சுவாஹிலியிலும் அந்த ஊராரின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.